கட்டுச்சோற்றுக் கணக்கு

டெல்லியில் டிசம்பர் பாதியைத் தாண்டிவிட்டால் இட்லி மாவு பொங்காது. மாவில் ஒரு குறையும் இருக்காது. அரிசியும் உளுந்தும் எப்போதும் வாங்கும் அதே கரோல்பாக் கடையில் வாங்கியவைதான், அரைத்த கையும் அதே கைதான். ஆனால் சமையலறைக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு டிகிரி இருக்கும் ராத்திரியில், மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களும் ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும்போல. அம்மா மாவுப் பாத்திரத்துக்கு அப்பாவின் பழைய ஸ்வெட்டரை மாட்டிவிடுவாள். கைகள் இரண்டையும் முன்பக்கம் கொண்டுவந்து முடிச்சுப் போட்டால், தலையில்லாத குட்டி மனிதர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும். பகலில் அந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடி வெயிலில் வைப்பது என் வேலை. அப்படியும் மாவு பொங்க இரண்டு நாளாகும்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்துபோகும். பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் தங்கை அதைக் கரண்டிக் காம்பால் குத்தி எடுப்பாள். பாலுக்கு உறை ஊற்றினால் காலையில் அது பாலாகவே இருக்கும். கோதுமை மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்தால் மதியத்துக்குள் தயிர் மாதிரி ஏதோ ஒன்று ஆகியிருக்கும். நம் ஊர்ச் சமையலில் பாதி வேலையை வெயில் சும்மா செய்துகொடுக்கிறது என்பது அங்கே போனால்தான் தெரியும்.

அதற்கு ஈடாகக் குளிர் வேறு சிலதைக் கொடுத்தது. ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் எங்கள் பிளாக்கின் மொட்டை மாடி, ஜனவரியில் பகல் பதினொரு மணிக்கு மேல் பெண்களின் ராஜ்ஜியம். பச்சைப் பட்டாணி மலையாகக் கிடக்கும். உரிக்க உட்காரும் குழந்தைகள் பாதியைத் தின்றுவிடும், யாரும் திட்டமாட்டார்கள். சாயங்காலமானால் வேர்க்கடலை வண்டி வரும். கடலைக் குவியலின் உச்சியில் கங்கு போட்ட மண்சட்டி ஒன்று புகைந்துகொண்டிருக்கும், கடலை ஆறாமல் இருக்க. இன்னொரு வண்டியில் கரியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தோலை உரித்துத் துண்டு போட்டு, மசாலா தூவி, எலுமிச்சை பிழிந்து, நட்சத்திரப் பழத்தை நறுக்கிப் போட்டு இலைத் தொன்னையில் தருவார். அந்தப் புளிப்பும் கிழங்கின் தித்திப்பும் சேரும்போது காதுமடல் சூடாகும். சென்னையில் நானே சுட்டுப் பார்த்திருக்கிறேன். கிழங்கு சரியாகத்தான் வந்தது, குளிர்தான் இல்லை.

பிறகு கேரட். நம் ஊட்டி கேரட் போல ஆரஞ்சு நிறமல்ல, நல்ல சிவப்பு. தக்காளிக்கு நிறம் தரும் அதே லைக்கோபீன்தான் இதற்கும். குளிர்காலத்தில் மட்டும் வரும், நீளமாக, மண்ணோடு. கீழ் வீட்டு பஞ்சாபி ஆன்ட்டிதான் அம்மாவுக்குக் கேரட் அல்வா சொல்லிக்கொடுத்தார். ஒரு கிலோ கேரட்டுக்கு ஒன்றரை லிட்டர் பால். துருவி, பாலில் போட்டு, பால் முழுக்க வற்றும்வரை கிளற வேண்டும். சர்க்கரையைக் கடைசியில்தான் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் கேரட் தண்ணீர் விட்டுக்கொண்டு வேலை இரட்டிப்பாகும். அந்த ஒன்றரை மணி நேரமும் நானும் தங்கையும் சமையலறையை விட்டு நகரமாட்டோம். அல்வாவுக்காக மட்டுமில்லை, வீட்டிலேயே கதகதப்பான இடம் அந்த அடுப்படிதான்.

பனிமூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது அது ரீல்ஸில் அழகாக இருக்கிறது. இந்தியா கேட் பாதி மறைந்து, பின்னணியில் ஒரு பழைய பாட்டு. அதற்குள்ளே வாழ்ந்தவர்களுக்கு அது முதலில் ஒரு போக்குவரத்துப் பிரச்சினை. டிசம்பர் கடைசியில் மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தங்கள் வட சமவெளியில் லேசான மழையைப் பெய்துவிட்டுப் போகும். அடுத்து வானம் தெளிந்த, காற்றே இல்லாத இரவுகள் வரும். தரை பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் இழக்க, அதை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து துளிகளாகி அப்படியே நிற்கும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாவிட்டால் வானிலைத் துறை அதை ‘மிக அடர்ந்த’ மூட்டம் என்கிறது. ஐம்பது மீட்டர் என்பது ரயிலின் இரண்டு பெட்டி நீளத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். என்ஜின் ஓட்டுநருக்கு சிக்னல் கம்பம் எங்கே வருகிறதென்றே தெரியாது.

அதற்கு அந்த நாளில் இருந்த ஏற்பாடு பட்டாசு. உண்மையாகவே பட்டாசுதான். சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால், ஓர் ஊழியர் தண்டவாளத்தின் மேல் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு வெடிகளைக் கட்டி வைப்பார். சக்கரம் ஏறியதும் டப், டப் என்று வெடிக்கும். சிக்னல் வரப்போகிறது, பார்த்துக்கொள் என்று அர்த்தம். இன்றைக்கு ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. அன்றைக்கு, அந்த வெள்ளை இருட்டுக்குள் யாரோ ஒருவர் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, ரயில் ரயிலாகத் தண்டவாளத்தில் வெடி கட்டிக்கொண்டிருந்தார். எத்தனையோ முறை அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அந்த ஆளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

டெல்லியிலிருந்து சென்னை கிட்டத்தட்ட 2,180 கிலோமீட்டர். நாங்கள் வழக்கமாகப் போகும் வண்டி ராத்திரி பத்தரைக்குக் கிளம்பி, நடுவில் ஒரு முழுப் பகலைக் கடந்து, அதற்கடுத்த நாள் விடிந்ததும் சென்னை சேரும். அதாவது மூன்று வேளைச் சாப்பாடு. அம்மாவின் கட்டுச்சோற்றுக் கணக்கு இந்த நேர அட்டவணைக்குப் பிசிறில்லாமல் தைத்த சட்டை. காலைக்கு நல்லெண்ணெயும் பொடியும் தடவிய இட்லி, மதியத்துக்குப் புளிச்சோறு, ராத்திரிக்குத் தயிர்ச்சோறு. சீக்கிரம் கெடுவது முதலில், புளியும் எண்ணெயும் காக்கும் சோறு அடுத்து. தயிர்ச்சோற்றில்தான் நுணுக்கம். அதில் தயிரே இருக்காது. குழைய வடித்த சோற்றில் வெதுவெதுப்பான பாலை ஊற்றி ஒரே ஒரு கரண்டி மோர் விட்டு மூடிவிடுவாள். வண்டி ஓட ஓட அது தயிராகும். போபாலுக்குக் கொஞ்சம் பால் வாசனை, நாக்பூருக்குச் சரியான பதம். எந்த ஸ்டேஷனில் எந்தத் தூக்கைத் திறக்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும்.

1998 ஜனவரி. பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் கீழ் வீட்டுக்கு போன் வந்தது. எங்கள் வீட்டில் போன் கிடையாது. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் ஊர். அங்கேயும் போன் மளிகைக்கடையில்தான். அங்கிருந்து மாமா பேசினார். “அம்மாவுக்கு சீரியஸா இருக்கு, கிளம்பி வந்துரு தாயி.” அவ்வளவுதான். லைன் கட்டாகிவிட்டது.

‘சீரியஸ்’ என்ற சொல்லுக்கு அந்தக் காலத்துத் தந்தியிலும் போனிலும் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, உடம்புக்கு முடியவில்லை. இன்னொன்று, எல்லாம் முடிந்துவிட்டது, தூரத்தில் இருப்பவர்கள் பதறாமல் வந்து சேரட்டும். கேட்பவருக்கும் இது தெரியும், சொல்பவருக்கும் தெரியும். திரும்பக் கேட்பதில்லை. நாகரிகம் என்று சொல்லலாம், பயம் என்றும் சொல்லலாம்.

அப்பா அலுவலகத்தில் யார் யாரையோ பிடித்து, மறுநாள் வண்டியில் எமர்ஜென்சி கோட்டாவில் நால்வருக்கு இரண்டு பெர்த் வாங்கிவிட்டார். செவ்வாய்க்கிழமை மதியம் அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. நான் பன்னிரண்டு வயது, தங்கைக்கு ஏழு. இழவு வீட்டில் அடுப்பெரியாது. அம்மாச்சி போய்விட்டாள் என்றால் மகள் அடுப்பு பற்றவைத்துப் புளிக்காய்ச்சல் கிண்டக் கூடாது. இருக்கிறாள் என்றால், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒன்றரை நாள் பயணத்துக்குச் சோறு கட்டாமல் கிளம்ப முடியாது.

“கேண்டீன்ல வாங்கிக்கலாம், விடு,” என்றார் அப்பா.

“எதுக்கு?” என்றாள் அம்மா. “அம்மாவுக்கு உடம்புக்குத்தான முடியல?”

அடுப்பைப் பற்றவைத்தாள். புளியைக் கரைத்தாள், வடகம் தாளித்தாள், வேர்க்கடலை போட்டாள். வீடு முழுக்க நல்லெண்ணெய் வாசனை. அன்றைக்கு அவள் எந்த வருடத்தையும்விட அதிகமாகச் சமைத்தாள் என்று தோன்றுகிறது.

ராத்திரி ஒன்பது மணிக்குப் புது டெல்லி ஸ்டேஷனுக்குப் போனபோது, எதிர்த்திசையிலிருந்து வர வேண்டிய எங்கள் வண்டி இன்னும் ஆக்ராவுக்கே வந்து சேரவில்லை என்றார்கள். ஒலிபெருக்கியில் அந்தப் பெண் குரல் மணிக்கொரு தடவை அசௌகரியத்துக்கு வருந்தியது. பிளாட்பாரத்தில் ஆட்கள் மூட்டைகளைப் போலவும் மூட்டைகள் ஆட்களைப் போலவும் கிடந்தன. டிரங்குப் பெட்டிகளைச் சுவராக அடுக்கி உள்ளே எங்களைப் படுக்க வைத்தார்கள். காலை இட்லி அங்கேயே, நள்ளிரவுக்கு மேல் காலியானது. அம்மாவின் கணக்கு வண்டி கிளம்பும் முன்பே ஒரு வேளை தவறிவிட்டது.

புதன்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பினோம். ஒன்பது மணி நேரம் தாமதம். ஆனால் தாமதமான வண்டி அதே அளவு தாமதத்தோடு போய்ச் சேராது. நேரத்துக்கு வரும் வண்டிகளுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டு, மேலும் மேலும் பின்தங்கும். ஆக்ரா போவதற்கே ஆறு மணி நேரம். டப், டப் என்று வெடி கேட்கும், வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊரும், நிற்கும். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துத் தண்டவாளம்கூடத் தெரியவில்லை. மதியம் புளிச்சோறு. அம்மா எங்களுக்குப் போட்டுக் கொடுத்தாளே தவிர, தான் இரண்டு வாய்க்கு மேல் எடுக்கவில்லை.

குவாலியரைத் தாண்டி ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றபோது இருட்டத் தொடங்கியிருந்தது. தங்கை பசிக்கிறதென்று அழுதாள். அம்மா கடைசித் தூக்கைத் திறந்தாள். முந்தின நாள் பாலை ஊற்றிப் பிசைந்த சோறு, முந்தின நாள் பிசைந்தபடியே இருந்தது. அந்தக் குளிரில் உறையவே இல்லை. பாலும் சோறும் ஜில்லென்று கட்டிதட்டி, உப்புப் போட்ட பால்சோறாக. தங்கை ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டாள். அம்மா தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து அழாதவள், அந்தத் தூக்கைப் பார்த்து அழ ஆரம்பித்தாள்.

எதிர் இருக்கையில் ஒரு வடநாட்டுக் குடும்பம், நாக்பூர் போகிறவர்கள். அவர்களுடைய கட்டுச்சோறு வேறு தர்க்கம். தண்ணீர்ச் சத்து இருந்தால்தானே கெடும்? பூரியை எண்ணெயில் பொரித்துவிட்டார்கள், உருளைக்கிழங்கை வறட்டிவிட்டார்கள், கூட மாங்காய் ஊறுகாய். மூன்று நாள் குளிரானாலும் அசையாது. அந்த அம்மாள் எதுவும் கேட்காமல் தங்கைக்குப் பூரியைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். பிறகு ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து அம்மாவின் பக்கம் நீட்டினார். கேரட் அல்வா.

அம்மா வேண்டாமென்று தலையசைத்தாள். “காயியே பெஹன்ஜி, கர் கா ஹை,” என்றார் அவர். சாப்பிடுங்கள், வீட்டில் செய்தது. அம்மாவுக்கு இந்தி ஓரளவு வரும். ஆனால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால், அம்மாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும், சீரியஸ் என்ற சொல்லைச் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிட வாங்கிக்கொள்வது சுலபமாக இருந்திருக்க வேண்டும். வாங்கினாள். இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடாதவள், கொஞ்சம் எடுத்து வாயில் போட்டாள். பிறகு கொடுத்தது முழுவதையும் சாப்பிட்டு, விரலையும் வழித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை விடிந்து ஏழு மணிவாக்கில் நாக்பூர். மூட்டம் எப்போது பின்தங்கியது என்று தெரியவில்லை, ஜன்னலில் சுள்ளென்று வெயில். அந்தக் குடும்பம் இறங்கிப் போனது. அப்பா பிளாட்பாரத்தில் எஸ்.டி.டி. பூத்தைத் தேடி ஓடினார். வண்டி நகரும் நேரத்துக்கு, கையில் ஒரு டஜன் ஆரஞ்சுப் பழத்தோடு ஏறினார்.

“லைன் கிடைக்கல,” என்றார். பழத்தை உரித்து அம்மாவின் கையில் வைத்து, “சாப்பிடு. ராத்திரி ஆயிரும் சென்னை போக,” என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். எங்களுக்கும் கொடுத்தாள். விஜயவாடாவில் பொட்டலச் சோறு வாங்கினார் அப்பா, அதையும் சாப்பிட்டாள்.

சென்னை சேரும்போது ராத்திரி பதினொன்றரை. கோயம்பேடு பஸ் நிலையமெல்லாம் அப்போது கிடையாது. ஸ்டேஷனிலேயே விடியும்வரை உட்கார்ந்துவிட்டு, பாரிமுனையில் மதுரை பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருமுனையில் இறங்கியபோது, வீட்டு வாசலில் பந்தல் மட்டும் இருந்தது.

மாமா ஓடிவந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டார். “நேத்து மதியமே எடுத்துட்டோம் தாயி. மச்சான்தான் நாகப்பூர்லருந்து போன் பண்ணி, நாங்க வர வெள்ளிக்கிழமை ஆயிரும், வச்சிருக்க வேணாம், எடுத்துருங்கன்னாரு.” அப்பா தலையைக் குனிந்துகொண்டு செருப்பைக் கழற்றினார். ரொம்ப நேரம் கழற்றினார்.

போன் வந்த திங்கட்கிழமை அம்மாச்சி உயிரோடுதான் இருந்தாள். சீரியஸ் என்றால் சீரியஸ் என்றே அர்த்தம், அந்த ஒரு தடவை. புதன்கிழமை சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனாள் என்றார்கள். அம்மா கேட்ட ஒரே கேள்வி, “விளக்கு வைக்கிற நேரம்னா எத்தன மணி?” அத்தை, “ஆறு, ஆறேகால் இருக்கும்,” என்றாள். அம்மா அதற்குமேல் பேசவில்லை. அந்த நேரத்துக்கு எந்தத் தூக்கு திறந்திருந்தது என்று அவளுக்குக் கணக்குப் போட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அப்பாவின் பொய்யை அம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆச்சரியமாக இருந்தது. தன்னைக் கேட்காமல், தன் அம்மாவை எடுக்கச் சொன்னவர். கல்லூரிக்குப் போன பிறகு ஒரு நாள் கேட்டேவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: “ஆரஞ்சோட ஏறினப்பவே தெரியும் தம்பி. உங்கப்பா ஒரு டஜன் பழம் பேரம் பேசாம வாங்குற ஆளா?”

“தெரிஞ்சுதான் சாப்பிட்டியா?”

“நான் சாப்பிடலன்னா நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டிருப்பீங்களா? அந்தாளும் பட்டினி கெடந்திருப்பாரு.”

தெரிந்தே சாப்பிட்ட ஆரஞ்சைப் பற்றி அவளுக்கு ஒரு உறுத்தலும் இல்லை. நாக்பூர் ஆரஞ்சு எப்போது கிடைத்தாலும் வாங்குவாள். ஒன்றும் தெரியாமல் வாயில் போட்ட அல்வாதான் நின்றுவிட்டது. அடுத்த குளிர்காலத்தில் சிவப்புக் கேரட் வந்தபோது பொரியல் செய்தாள், சாம்பாரில் போட்டாள். கீழ் வீட்டு ஆன்ட்டி அல்வா கொடுத்தனுப்பினால் எங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு டப்பாவைக் கழுவிவைப்பாள். அதில் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுப்பாளே தவிர, ஏன் இப்போதெல்லாம் நீ செய்வதில்லை என்று ஆன்ட்டி கேட்டபோது, பல்லு வலி என்றாள். நாங்கள் டெல்லியில் இருந்த மீதி ஏழு குளிர்காலமும் அவளுக்குப் பல்வலி. அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அப்பா எடுத்துச் சொல்லிப் பார்த்தார். குற்றத்தைப் பற்றி அவளும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மூன்று வருடம் முன்னால், கீழ் வீட்டு ஆன்ட்டியின் பேத்திக்கு ஜனவரிக் கடைசியில் டெல்லியில் கல்யாணம். அப்பா அப்போது இல்லை. முட்டிவலியோடு அம்மா நானும் வருவேன் என்றாள். சென்னையில் விமானம் ஏறினோம். டெல்லியில் மூட்டம். ஐம்பது மீட்டர் ஓடுபாதை தெரிந்தாலே இறங்க வைக்கும் கருவிகள் அந்த விமான நிலையத்தில் உண்டுதான், ஆனால் விமானத்துக்கும் விமானிக்கும் அதற்கான தகுதி இருக்க வேண்டும். எங்களுக்கு எது இல்லையோ, வட்டமடித்துவிட்டு ஜெய்ப்பூரில் இறக்கி, மூன்று மணி நேரம் உள்ளேயே உட்கார வைத்தார்கள். வெந்நீர் ஊற்றும் கப் உப்புமாவும் தீர்ந்துவிட்டதென்றார்கள். அம்மா கைப்பையைத் திறந்தாள். பொடி தடவிய இட்லி, பன்னிரண்டு.

“மூணு மணி நேர ஃப்ளைட்டுக்கு எதுக்கும்மா இது?”

“பனிக்காலம்ல?” என்றாள்.

பக்கத்து இருக்கையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த பையன் முதலில் வேண்டாமென்றான். பிறகு நான்கு சாப்பிட்டான்.

கல்யாண மண்டபத் தோட்டத்தில் ஆங்காங்கே கணப்பு மூட்டியிருந்தார்கள். சாப்பாட்டு வரிசையின் கடைசியில் பெரிய இரும்புச் சட்டியில் கேரட் அல்வா கொதித்துக்கொண்டிருந்தது. ஆன்ட்டி சக்கர நாற்காலியில் இருந்தபடியே யாரையோ ஏவி, ஒரு கிண்ணத்தை அம்மாவின் கையில் கொண்டுவந்து வைத்துவிட்டார். நான் அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அம்மா தரவில்லை. சால்வையைச் சரிசெய்துகொண்டு கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டு, கொஞ்ச நேரம் மென்றாள்.

“சர்க்கரை ஜாஸ்தி,” என்றாள். “அந்தம்மா ரயில்ல குடுத்ததுல இவ்வளவு இல்ல. ஏலக்காயும் ஒண்ணு ரெண்டுதான் தட்டிப் போட்டிருந்துச்சு.”